மூன்று இடம், நான்கு பேர்

தனியார் பல்கலைக்கழகத்தில் பிள்ளைக்கு இடம் கிடைக்குமா, என்ன தகுதி கேட்பார்கள், எந்தத் தாளை எங்கே காட்ட வேண்டும் என்று யாராவது என்னிடம் கேட்டு வந்தால் நான் முகம் கொடுப்பதில்லை. "போய் அங்கேயே கேளுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவேன். முப்பது வருஷம் வாத்தியார் வேலை பார்த்தவன் இப்படி நடந்துகொண்டால் மலாக்காவில் எங்கள் காஜா பெராங்கில் என்ன பேசுவார்கள்? தலைக்கனம் பிடித்த கிழவன் என்கிறார்கள். பேசட்டும். உண்மையான காரணம் தெரிந்தால் அதைவிட மோசமாகப் பேசுவார்கள். அதை இத்தனை வருஷமாக நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. என் மனைவிக்கே தெரியாது. தெரியாமலே போய்ச் சேர்ந்துவிட்டாள், புண்ணியவதி.

ஒரு காலத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் என் வேலையாக இருந்தது. ஜப்பான்காரன் வந்து இரண்டாவது வருஷம். எனக்குப் பத்தொன்பது வயது. பண்டார் ஹிலிரில் ஒரு கடைமாடியில் இந்தியர் சங்கம் நடந்தது. அங்கே நான் எழுத்து வேலை பார்க்கும் கிராணி. சங்கத்துக்குத் தலைவர் ஜவுளிக்கடை முதலாளி, தமிழ் முஸ்லிம், மூன்று தலைமுறையாக மலாக்காவில் வியாபாரம் செய்யும் குடும்பம். கடையில் துணி இல்லாத காலம் அது. அவர் பாதி நாள் சங்கத்துக்கு வந்து, மரத்தட்டிக்குப் பின்னால் சாய்வு நாற்காலியில் படுத்திருப்பார்.

"யாருக்கு என்ன கடிதம் வேணுமோ நீயே எழுதி வச்சிரு தம்பி. நான் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்" என்பார்.

அப்படியே செய்வார். எழுதியிருப்பதைப் படிக்கவே மாட்டார். நான் நீட்டினால் கையெழுத்து, நான் நகர்த்தினால் முத்திரை. அவ்வளவு நம்பிக்கை என்மேல்.

அந்த வருஷம் கடற்கரைப் பக்கம் மூடிக்கிடந்த ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் ஜப்பானியக் கம்பெனி ஒன்று கல்லூரி திறந்தது. இராணுவம் நடத்துவது அல்ல, கம்பெனி தன் செலவில் நடத்தும் தனியார் கல்லூரி. ஒரு வருஷம் ஜப்பானிய மொழியும் கணக்கும் சொல்லிக்கொடுப்பார்கள், நன்றாகப் படிப்பவனைக் கம்பெனிக்குச் சொந்தமான பல்கலைக்கழகத்துக்கு ஜப்பானுக்கே அனுப்புவார்கள் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். ஊரில் அதற்கு 'யூனிவர்சிட்டி' என்றே பெயர் வந்துவிட்டது. மரவள்ளிக்கிழங்கை மூன்று வேளையும் தின்றுகொண்டு, ரப்பர் டியூப் கிடைக்காமல் சைக்கிள் சக்கரத்தில் கயிற்றைச் சுற்றி ஓட்டிக்கொண்டு, யூனிவர்சிட்டி யூனிவர்சிட்டி என்று பேசினோம்.

ஜப்பானுக்குப் போகும் ஆசை யாருக்கும் இல்லை. எல்லோருக்கும் வேண்டியிருந்தது சட்டையில் குத்திக்கொள்ளும் அந்தக் கல்லூரி பேட்ஜ். அந்த நேரத்தில்தான் சயாமில் ரயில்பாதை போட ஆள் பிடித்தார்கள். ஒவ்வொரு கம்பத்திலும், அதாவது குடியிருப்பிலும், பட்டியல் எழுதினார்கள். பட்டியலில் பெயர் வந்தால் லோரி வரும். போனவனிடமிருந்து ஒரு வரி கடிதம் வந்ததில்லை. பேட்ஜ் குத்தியவன் பெயர் மட்டும் பட்டியலில் வராது. இதுதான் விஷயம்.

கல்லூரி கேட்டது ஐந்து. வயது பதினெட்டிலிருந்து இருபத்திரண்டுக்குள் இருக்க வேண்டும். ஆங்கிலப் பள்ளியில் ஏழாம் வகுப்பு முடித்திருக்க வேண்டும். ஜப்பானியக் கத்தகானா எழுத்து எழுதவும் படிக்கவும் தெரிய வேண்டும், அதற்குப் பரீட்சையும் உண்டு. மலேரியாவால் வரும் ஜுரக்கட்டி இல்லையென்று டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்து எழுதித் தர வேண்டும். கடைசியாக, அவரவர் இனத்துச் சங்கம் 'இவர் எங்கள் ஆள், நல்லவர்' என்று கடிதம் கொடுக்க வேண்டும். சங்கம் கடிதங்களைச் சேர்த்துப் பட்டியலாக அனுப்பும். மலாக்கா டவுன் இந்தியருக்கு மூன்றே மூன்று இடம்.

தாய்மார்கள் மாடிப்படி ஏறி வருவார்கள். "தம்பி, எம்மவனுக்குக் கெடைக்குமா?" நான் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு சொல்லுவேன்: "ஏழாம் வகுப்பு முடிக்கலைன்னா வீண் அலைச்சல்மா." "இருபத்துமூணு ஆயிடுச்சா? ஊஹூம்." தோட்டத்துப் பிள்ளைகள் முக்கால்வாசிப் பேர் தமிழ்ப் பள்ளியில் நாலாவதோடு நின்றவர்கள். அந்தத் தாய்மார்கள் திரும்பி இறங்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் ஆறுதலாகவும் இருக்கும். ஏனென்றால் நானும் மனு எழுதி மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன்.

இப்படி வடிகட்டி வடிகட்டிக் கடைசியில் தகுதியுள்ளவர்கள் மூன்று பேர் நின்றார்கள். உஜோங் பாசிர்க்காரன் ஒருவன், ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெஸர் மகன் ஒருவன், மூன்றாவது நான். இடம் மூன்று, ஆள் மூன்று. அன்றைக்கு வீட்டுக்குப் போய் என் அம்மாவிடம், "அம்மா, எனக்குக் கிடைச்ச மாதிரிதான்" என்றேன். அவள் அழுதாள். அப்பா இல்லாத வீடு எங்களுடையது.

மறுநாள் காலையில் அவன் வந்தான்.

அவன் என்று சொன்னால் என் சிநேகிதன். மலாக்கா செட்டி. எப்போதோ தமிழ்நாட்டுக் கரையிலிருந்து வந்து இங்கேயே தங்கி, பேச்சும் உடையும் மலாயாகிப் போனவர்கள் செட்டிகள். கும்பிடுவது மாரியம்மனை, வாயில் வருவது மலாய். காஜா பெராங்கில் அவர்கள் கம்பமும் எங்கள் வீடும் ஒரு கூப்பிடு தூரம். ஆங்கிலப் பள்ளியில் ஏழு வருஷமும் அவனும் நானும் ஒரே பெஞ்சு. அவனுக்குத் தமிழில் பத்துப் பதினைந்து வார்த்தைதான் தெரியும். அதில் பாதி சாப்பாடு, பாதி சாமி. இங்கே நான் எழுதும் அவன் பேச்செல்லாம் அவன் மலாயில் பேசியதுதான்.

மொழி என்றால் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஜப்பான்காரன் வந்து ஆறே மாதத்தில் சந்தையில் நின்று அவர்களோடு பேரம் பேசினான். எனக்குக் கத்தகானா சொல்லிக்கொடுத்தவனே அவன்தான். அவன் வீட்டு மாமரத்தடியில் மண்ணில் குச்சியால் எழுதிக் காட்டுவான். நான் தப்பாக எழுதினால் காலால் அழித்துவிட்டு, "திரும்ப எழுது மண்டு" என்பான். அவன் அம்மா, நான் மலாய் வழக்கப்படி மாக் என்று கூப்பிடுவேன், எங்கள் இரண்டு பேருக்கும் கிழங்கு அவித்துக் கொண்டுவந்து வைப்பார்.

"கிராணி ஐயா, எனக்கும் ஒரு கடிதம்" என்று சிரித்துக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டான். சான்றிதழ், டாக்டர் கடிதம், எல்லாம் ஒழுங்காக மடித்துக் கொண்டுவந்திருந்தான்.

நான்கு பேர். மூன்று இடம். நான்கு பேரில் கத்தகானாப் பரீட்சை வைத்தால் முதலில் வருபவன் இவன், கடைசியில் வருபவன் நான். எண்ணிப் பார்க்க எனக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. வேலையே அதுதானே.

"உன் பேரு இங்க வராதுடா" என்றேன்.

"ஏன் வராது?"

"பதிவேட்டுல தாய்மொழின்னு ஒரு கட்டம் இருக்கு. தமிழ், தெலுங்கு, மலையாளம், பஞ்சாபி. நீ பேசறது மலாய். மலாய் பேசறவங்களுக்கு மலாய்க்காரங்க சங்கம்தான் கடிதம் கொடுக்கணும்."

கட்டம் இருந்தது, அது பொய்யில்லை. ஆனால் அந்தக் கட்டத்தைப் பார்த்து யாரும் யாரையும் திருப்பி அனுப்பியதில்லை. அது சும்மா எழுதி வைப்பதற்கு. விதி என்றது என் வாய்.

"எங்க அம்மா பதினைந்து நாளாக மாரியம்மன் கோயிலில் எனக்காக விளக்குப் போடுகிறார்களே, அது எந்தக் கட்டத்தில் வரும்?" என்று கேட்டுவிட்டு அவனே சிரித்தான். பிறகு தாள்களை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனான். நம்பினான். அதை என்னவென்று சொல்ல! இவனுக்கு எல்லாம் தெரியும் என்று ஊரே நம்பியது, அவனும் நம்பினான்.

இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தான்.

"அங்கே கேட்டால் வெள்ளிக்கிழமை எங்கே தொழுகிறாய் என்கிறார்கள். இந்து என்றேன். அப்படியென்றால் உன் ஆட்களிடம் போ என்கிறார்கள். நீ அங்கே போகச் சொல்கிறாய், அவர்கள் இங்கே போகச் சொல்கிறார்கள். நான் என்ன பந்தா? உங்கள் தலைவரையே கேட்டுவிடலாமே."

தலைவர் அப்போது தட்டிக்குப் பின்னால்தான் இருந்தார். அவர் இருமுவது எனக்குக் கேட்டது. "முதலாளி, நம்ம செட்டிப் பையன் ஒருத்தன் வந்திருக்கான்" என்று நான் ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். அவர் எழுந்துகூட வந்திருக்க மாட்டார், படுத்தபடியே "போட்டுக் குடு தம்பி" என்றிருப்பார். அவருக்கு அதில் ஒரு வித்தியாசமும் கிடையாது. அவரே முஸ்லிம், இந்தியருக்குத் தலைவராக இருந்தார்.

நான் குரலைத் தாழ்த்திக்கொண்டேன். அதை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. பொய் சொன்னதைக்கூடப் பயத்தில் வாய் தவறியது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஆனால் குரலைத் தாழ்த்தியது? தட்டிக்கு அந்தப் பக்கம் கேட்கக்கூடாது என்று அளந்து தாழ்த்தினேன்.

"தலைவர் இல்லடா. இருந்தாலும் சும்மா கேட்டா நடக்காது. 'இவர் எங்கள் ஆள் இல்லை'ன்னு அவங்க எழுத்துல குடுக்கட்டும். அத வச்சு நான் பேசிப் பாக்கறேன்."

இந்த விதியை நான் அந்த நிமிஷத்தில் உண்டாக்கினேன். ஒரு சங்கம் ஒருவனை எங்கள் ஆள் என்று எழுதிக் கொடுக்கும். எங்கள் ஆள் இல்லை என்று எந்த ஊரில் எழுதிக் கொடுப்பார்கள்? கிடைக்காது என்று தெரிந்துதான் கேட்டேன். அடப்பாவி என்று நீங்கள் சொன்னால் நான் தலையைக் குனிந்துகொள்கிறேன்.

அவன் இறங்கிப் போன பிறகு தட்டிக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "யாரு தம்பி வந்தது?"

"தெரிஞ்சவன் முதலாளி. சும்மா பாக்க வந்தான்."

பட்டியல் கொடுக்கக் கடைசி நாள், பகல் பன்னிரண்டு மணிக்குள். எந்தப் பட்டியலானாலும் நான் கடைசி நிமிஷம்வரை காத்திருந்துதான் கொண்டுபோவேன், யாராவது தாமதமாக வந்தால் சேர்த்துக்கொள்ளலாமே என்று. அன்றைக்கு ஒன்பது மணிக்கே கல்லூரியில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். மூன்று பெயர். மூன்றாவது என் பெயர். தலைவர் வழக்கம்போலப் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தார்.

பதினொரு மணிக்கு அவன் மாடிப்படியில் ஓடி வந்தான். சட்டையெல்லாம் வியர்வை. கையில் ஒரு தாள். மலாய்க்காரர் சங்கத்தில் கையெழுத்துப் போடுகிறவர் பக்கத்து ஊர் ஜாசினுக்குப் போயிருந்தாராம். விடிந்ததிலிருந்து அவர் வீட்டு வாசலில் காத்திருந்து, அவர் திரும்பியதும் கெஞ்சி, வாங்கி வந்துவிட்டான். 'இவர் எங்கள் சமூகத்தைச் சேர்ந்தவர் அல்லர்' என்று அரபி மாதிரி இருக்கும் மலாய்க்காரர்களின் ஜாவி எழுத்தில் அழகாக எழுதியிருந்தது. அவனே படித்துக் காட்டினான். அதில் அவனுக்கு அத்தனை சந்தோஷம்.

"பட்டியல் போயிடுச்சுடா" என்றேன்.

சுவரில் கடிகாரம் இருந்தது. அவன் அதை ஒரு தடவை பார்த்தான். நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, இங்கிப் புட்டியை மூடுவதும் திறப்பதுமாக இருந்தேன். அந்தத் தாளை வாங்கிக்கொண்டு சைக்கிளில் போனால் பத்து நிமிஷம். ஒரு பெயரைச் சேருங்கள் என்று கேட்டிருக்கலாம். நேரம் இருந்தது. தெரிந்துதான் உட்கார்ந்திருந்தேன்.

"சரி போ" என்றான். "உன் பெயர் போயிற்றா?"

"போயிருக்கு."

"நல்லது. பரீட்சையில் 'நு'வையும் 'சு'வையும் மாற்றிப் போட்டுத் தொலைக்காதே."

மாற்றிப் போடவில்லை. எனக்கு இடம் கிடைத்தது. பேட்ஜைக் குத்திக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது மாக் எங்கள் வாசலுக்கே வந்து என் கன்னத்தைத் தடவி, "என் மகனுக்காகவும் எவ்வளவு பாடுபட்டாய்! அவன் சொன்னான். கொடுத்துவைக்கவில்லை" என்றார். நான் அப்படியெல்லாம் இல்லை என்று சொன்னேன். அடக்கமான பிள்ளை என்று அதற்கும் மெச்சினார்.

அதன்பிறகு நான் அந்த மாமரத்துப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டேன். கல்லூரியில் வேலை அதிகம் என்றேன். அவன்தான் இரண்டு மூன்று தடவை என்னைத் தேடி வந்து, பாடத்தை வாங்கிப் பார்த்துவிட்டுப் போனான்.

கம்பத்துப் பட்டியலில் அவன் பெயர் வந்தது இரண்டு மாதம் கழித்து. அந்தப் பட்டியல் எழுதுகிறவர்களுக்கு அவன் இந்தியனா மலாய்க்காரனா என்ற சந்தேகம் ஒரு நிமிஷமும் வரவில்லை. இந்தியர் என்று எழுதிக் கூட்டிப்போனார்கள்.

காலை பத்து மணி இருக்கும். நாங்கள் வகுப்பில் எழுந்து நின்று ஆ, இ, உ, எ, ஓ என்று கத்திக்கொண்டிருந்தோம். ஜன்னலுக்கு வெளியே கடற்கரை ரோட்டில் லோரிகள் போயின. மூன்றாவது லோரியில் ஓரமாக அவன் நின்றான். வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி, பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பியவன் மாதிரி இருந்தான். கட்டடத்தைப் பார்த்துக் கையை ஆட்டினான். என்னைக் கண்டானா, நான் அங்கே இருப்பேன் என்று சும்மா ஆட்டினானா தெரியாது. நான் கையைத் தூக்கவில்லை. வாத்தியார் திட்டுவார் என்று பயந்ததாகப் பிறகு நினைத்துக்கொண்டேன். அதுவும் பொய். கரும்பலகைப் பக்கம் திரும்பி இன்னும் சத்தமாகக் கத்தினேன்.

யூனிவர்சிட்டிக்கு யாரும் போகவில்லை. கப்பலே வரவில்லை. ஜப்பான்காரன் தோற்ற வாரத்தில் கல்லூரி வாத்தியார்களும் காணாமல் போனார்கள், கட்டடத்து மேசை நாற்காலியை ஊர்க்காரர்கள் தூக்கிப்போனார்கள். எனக்கு அந்தக் கல்லூரி கொடுத்தது உயிர் மட்டும்தான். அது அவனுக்கும் கிடைத்திருக்கும், அல்லது எனக்குப் பதிலாகக் கிடைத்திருக்கும்.

சயாமிலிருந்து திரும்பியவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். குருபோங்கில் ஒருவர் வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு மாக்கோடு நானும் போனேன். அவர் எலும்பும் தோலுமாகப் பாயில் படுத்திருந்தார். அவனைத் தெரியும் என்றார். முகாமில் எல்லோருக்கும் ஜப்பான்காரன் பேச்சை மொழிபெயர்த்துச் சொல்லி அடி வாங்காமல் காப்பாற்றினானாம். மழைக்காலத்தில் வாந்திபேதி வந்தது என்றார். அதற்குமேல் சொல்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டார். மாக்கோடு வீட்டுக்குத் திரும்பி நடந்தேன். சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. சொல்லவில்லை.

அடுத்த வருஷம் பொங்கலுக்கு முந்தின நாள் மாக் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். செட்டிகள் வீட்டில் அன்றைக்குப் பார்ச்சு. இறந்துபோன முன்னோருக்கு இலை போட்டு, அவரவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைப்பார்கள். நான் போனபோது கூடத்தில் இலைகள் விரித்திருந்தன. அவன் அப்பாவுக்கு, தாத்தாவுக்கு, மற்ற பெரியவர்களுக்கு. மாக் கையில் இன்னொரு இலையைத் துடைத்தபடி அடுப்படி வாசலிலேயே நின்றார்.

"இவர்கள் வேண்டாம் என்கிறார்கள்" என்றார். "செத்தான் என்று ஒரு தாளும் வரவில்லை. உயிரோடு இருப்பவனுக்கு இலை போட்டால் ஆகாதாம். போடாமல் விட்டால், செத்திருந்தால், அவன் வந்து பார்த்துவிட்டுப் பசியோடு போவான் அல்லவா? எது எதற்கு என்ன தாள் வேண்டும் என்று உனக்குத்தான் தெரியும். இதற்கு எங்கேயாவது கடிதம் வாங்க வேண்டுமா? வேண்டுமென்றால் சொல், எங்கே வேண்டுமானாலும் போய் நிற்கிறேன்."

அவர் கையிலிருந்த இலையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"வேண்டாம் மாக். இதுக்கு யார்கிட்டயும் எந்தக் கடிதமும் வாங்க வேண்டாம். நம்ம பிள்ளைன்னா போதும்."

"அவ்வளவுதானா?" அவர் முகம் தெளிந்துவிட்டது. "முதலிலேயே உன்னைக் கேட்டிருக்க வேண்டும்."

உள்ளே போய் அவன் அப்பாவின் இலைக்குப் பக்கத்தில் அந்த இலையை விரித்தார். படைத்து முடித்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது, அவன் இலையில் படைத்ததை எடுத்து எனக்குத்தான் பரிமாறினார். நான் ஒரு பருக்கை விடாமல் தின்றுவிட்டு எழுந்து வந்தேன்.